காலியாகத் திருப்பித் தரவும்

அருங்காட்சியகத்தில் வேலை பார்ப்பவன் ஒரு நாளில் அதிகமாகச் சொல்வது 'தொடாதீங்க' என்பதைத்தான். அதற்கு அடுத்தபடியாக, 'டாய்லெட் அந்தப் பக்கம்'.

சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் இருக்கும் ஒரு சின்ன அருங்காட்சியகத்தின் கவுண்ட்டரில் உட்காருவது என் பிழைப்பு. நூலகம், வங்கி, கிளினிக் என்று எங்கேயாவது கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் சக ஜீவன்களே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும். நாள் முழுக்க மனிதர்கள் வந்துகொண்டே இருப்பார்கள், ஒருவரும் நம்மைப் பார்க்க வந்தவராக இருக்கமாட்டார். வேலை முடிந்ததும் ரயிலேறி சுவா சூ காங் வீட்டுக்குப் போவேன். மகள் பெர்த்தில் இருக்கிறாள். பேரன் பிறந்தபோது ஒத்தாசைக்கென்று போன என் மனைவி, அவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் திரும்பி வருவதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. தினமும் போனில் "சாப்டாச்சா?" என்பாள். "ஆச்சு" என்பேன். அதற்கு மேல் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருந்ததில்லை. இந்த டிபன் கேரியர்கள் வந்த பிறகுதான் நிலைமை கொஞ்சம் மாறியது.

குப்பையில் போட மனம் வராதவை

இந்த ஊரில் வீடு மாறுகிறவர்கள் சோபாவை எறிவார்கள், கட்டிலை எறிவார்கள். சாமி படத்தையும் டிபன் கேரியரையும் மட்டும் எறிய மாட்டார்கள். சாமி படம் கோயிலுக்குப் போய்விடும். கேரியர் எங்களிடம் வரும். "இது எங்க மாமியார் காலத்துது, மியூசியத்துல வெச்சுக்குங்க" என்று கவுண்ட்டரில் வைத்துவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் லிஃப்ட் பிடித்துப் போய்விடுவார்கள். நல்லதாகச் சிலவற்றைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்தாயிற்று. மற்றவை ஸ்டோரில் கூரை வரைக்கும் ஏறிவிட்டன. மூன்றடுக்கு, நான்கடுக்கு, பூப்போட்டது, பேர் வெட்டியது என்று எல்லாம் இருந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தால் இன்னொன்று தலையில் விழும்.

எங்கள் மேலாளர் கிரேஸ் மேடம் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தவர். பிளாஸ்டிக் ஸ்ட்ராவில் குடிப்பவரைக் கண்டால் அவருக்குக் கோபம் வரும். ஒரு கூட்டத்தில் அவர்தான் இந்த யோசனையைச் சொன்னார். பக்கத்தில் வேலை பார்க்கிறவர்கள் மத்தியானம் தேக்கா சந்தைக்குப் போய் ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பாவில் சோறு வாங்கி வருகிறார்கள். உபரியாகக் கிடக்கும் எவர்சில்வர் கேரியர்களை நாம் அவர்களுக்கு இரவல் கொடுப்போம். சாப்பிட்டுக் கழுவி, சாயங்காலம் திருப்பித் தரட்டும். பழையதும் புழங்கும், குப்பையும் குறையும். கவுண்ட்டரில் டாய்லெட்டுக்கு வழி காட்டுவதைத் தவிர வேறு வேலை கிடைக்கிறதே என்று நான் முதல் ஆளாகத் தலையாட்டினேன். பொருள்களைப் பூச்சி பொட்டு அண்டாமல் பாதுகாக்கும் பொறுப்பில் இருக்கும் நளினிக்கு மட்டும் முகம் சரியில்லை. சாப்பாட்டு வாசனைக்குப் பூச்சி வரும், வந்த பூச்சிக்கு நூறு வருஷத்துப் பட்டுப்புடவை எது, கரித்துணி எது என்று தெரியாது என்றார். கிரேஸ் மேடம் யோசித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சரி, ட்ரை பண்ணலாம். ஆனா குணா, ஸ்டோருக்குள்ள ஒரு பூச்சி, ஒன்னே ஒன்னு வந்தாலும், அன்னிக்கே ப்ராஜெக்ட் க்ளோஸ்."

மீன் குழம்புக்கு மறுப்பு

முதல் கேரியரை எடுத்துப்போனவர் சாந்தி. ஜாலான் புசாரில் ஒரு கிளினிக்கில் நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வேலை அவருக்கு. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு ஜீவன். உற்சாகமாகப் போனவர் சற்று நேரத்தில் காலிக் கேரியரோடு திரும்பி வந்து நின்றார். கடைக்காரர் சோறு போட மாட்டேன் என்கிறாராம்.

நானே கூடப் போனேன். சாப்பாட்டுக் கடை பாய் கேரியரை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறார். அடியில் நளினி சிவப்பு மையில் எழுதிய எண்ணும் அருங்காட்சியகத்தின் பெயரும் இருந்திருக்கின்றன. உடனே கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்துவிட்டார். எப்போதோ ஒரு அருங்காட்சியகத்தில் பழைய மேசைமேல் சாய்ந்து நின்றதற்குக் காவலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவராம். புழங்கத்தான் கொடுக்கிறோம் என்று நான் எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. கடைசியில் சாந்தியிடமிருந்து கேரியரை வாங்கி, என் பொறுப்பு என்று சொல்லி, கீழ் அடுக்கில் சோறும் மீன் குழம்பும் எனக்கென்று போடவைத்து, பாயின் கண்ணெதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். கோயில் உண்டியலில் கைவிடுகிறவனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்து, குழாயில் கழுவி, பளபளவென்று காட்டிய பிறகுதான் இறங்கி வந்தார்.

"சரி குடுங்க, ஊத்தறேன். மஞ்சக் கறை போகலன்னா என்னைத் தேடி வரக்கூடாது லா."

ஒரு கை சீனி

அன்று சாயங்காலம் சாந்தி கேரியரைத் திருப்பிக் கொண்டுவந்தார். உள்ளே ஏதோ சரசரத்தது. திறந்தேன். மேல் அடுக்கில் ஒரு கைப்பிடி சீனி இருந்தது. கிளினிக் பேன்ட்ரியில் கேரியரைச் சரியாகக் கழுவவில்லை என்று நினைத்து, "உள்ள என்னமோ ஒட்டியிருக்கு போல" என்றேன். சாந்திக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது.

வாங்கிய பாத்திரத்தை நம் வீடுகளில் காலியாகத் திருப்பி அனுப்புவதில்லை என்பது எனக்குத் தெரியாததா? மறந்திருந்தேன், அவ்வளவுதான். என் வீட்டுக்குப் பாத்திரம் வந்தே வெகு காலமாகிறது. சாந்தி சொன்ன பிறகு, அந்தச் சீனியை ஒரு காகிதத்தில் கொட்டி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். 

"நல்லாத்தாண்ணே கழுவுனேன். வெறும் பாத்திரத்த எப்படிண்ணே திருப்பிக் குடுக்கறது?"

போனில் பேச ஒரு விஷயம்

சாந்தி சொல்லி மற்றவர்கள் வந்தார்கள். சீக்கிரத்திலேயே சாயங்காலமானால் கவுண்ட்டரில் வரிசை நின்றது. கேரியரில் வாழைப்பழம் வரும், முறுக்கு வரும், யாருடைய பிறந்தநாளிலோ மிஞ்சிய கேக் துண்டு வரும். மலாய்க்கார அம்மா ஒருவர், அவர்கள் கேரியரை டிங்கட் என்பார்கள், தங்கள் வீட்டிலும் காலியாகத் தரும் பழக்கம் இல்லை என்று சொல்லிக் குவே பலகாரம் வைத்துக் கொடுத்தார். ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் லிம் அங்கிள் ஆரஞ்சுப் பழங்களை ஜோடியாக வைப்பார். காலமெல்லாம் தமிழ் ஆட்களுக்கு ஆணியும் தாழ்ப்பாளும் விற்று, கடையில் நின்றபடியே தமிழ் கற்றுக்கொண்டவர் அவர். கொடுத்துவிட்டு யாரும் உடனே போகமாட்டார்கள். இது எங்கே வாங்கியது, இதை யார் செய்தது, நீங்கள் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நின்று பேசுவார்கள். என் பெயர் குணா என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

வீட்டுக்குக் கொண்டுபோக முடியாததை மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்வேன். போனில் என் மனைவி "சாப்டாச்சா?" என்றால் இப்போது நீளமாகப் பதில் சொன்னேன். சாந்தி வீட்டு முறுக்கில் ஓமம் தூக்கல், லிம் அங்கிளின் ஆரஞ்சு கொஞ்சம் புளிப்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவளும் சிரித்துச் சிரித்துக் கேட்டாள். இதையெல்லாம் கேட்டால் ஊருக்கு வர ஆசை வரும் என்று ஒரு நப்பாசை எனக்கு. அவள் எடுத்துக்கொண்டது வேறு மாதிரி.

"பரவால்லயே, அங்க உங்களப் பாத்துக்க ஆளுங்க இருக்காங்க. இனிமே எனக்குக் கவலையில்ல."

ஊர்வலம்

நளினி மூலைக்கு மூலை ஒட்டும் அட்டை வைத்திருப்பார். நடமாடும் பூச்சி அதில் ஒட்டிக்கொள்ளும். அதை எடுத்துப் பார்த்து எது வந்திருக்கிறது, எங்கிருந்து வந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. ஒருநாள் டார்ச்சோடு என் கவுண்ட்டருக்கு அடியில் குனிந்தவர் வெகு நேரம் எழுந்திருக்கவே இல்லை. நானும் குனிந்து பார்த்தேன். சுவரோரத்தில் கிளம்பிய எறும்புகள் மேசைக்காலில் ஏறி, முறுக்கு இருந்த இழுப்பறைக்குள் போய்க்கொண்டிருந்தன. ஸ்டோர் கதவு அங்கிருந்து கைக்கெட்டும் தூரம்.

"ட்ராப்ல ஒன்னு ரெண்டு மாட்டும்னு பாத்தா, இங்க ஊர்வலமே போகுதேண்ணே."

மரியாதையான தமிழ்

கிரேஸ் மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. எறும்பு ஸ்டோருக்குள் இன்னும் போகாததால் ஒரு வாய்ப்புத் தருகிறேன் என்றார். ஒன்று, பண்டங்கள் வருவது நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கேரியர்கள் திரும்ப ஸ்டோருக்குள் போக வேண்டும். எது வேண்டும் என்று என்னையே கேட்டார். கேரியர் உள்ளே போய்விட்டால் என் கவுண்ட்டருக்கு யார் வருவார்கள்? பழையபடி டாய்லெட் கேட்கிறவர்கள்தான் வருவார்கள். பண்டம் போனால் போகட்டும், ஆட்களாவது வரட்டும் என்று கணக்குப் போட்டேன். பண்டத்தை நிறுத்திவிடலாம் மேடம் என்றேன்.

"அப்ப நோட்டீஸ நீங்களே எழுதிருங்க குணா. உங்க தமிழ் மரியாதையா இருக்கும், யாருக்கும் கோவம் வராது."

எறும்பு தின்னாதது

'பாத்திரத்தில் உணவுப் பொருள்களை வைக்க வேண்டாம் எனப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று எழுதி, கீழே ஆங்கிலத்திலும் போட்டு ஒட்டினேன். எல்லாரும் படித்தார்கள். மறுநாள் சாந்தியின் கேரியரில் ஒரு சேஃப்டி பின் இருந்தது. இன்னொருவர் ரப்பர் பேண்டு வைத்திருந்தார். ஒரு பெண்மணி ஒரு முழம் மல்லிகை வைத்துவிட்டார். நளினி அதை இடுக்கியால் பிடித்து வாசல் வரைக்கும் தூக்கிப்போனதைப் பார்க்க வேண்டுமே! லிம் அங்கிளின் கேரியரில் மரையோடு கூடிய புத்தம்புது திருகாணி ஒன்று கிடந்தது. நான் நோட்டீஸைக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து ஆங்கில வரியை இன்னொரு தடவை படித்தார்.

"படிச்சேன் தம்பி. சாப்பாடு கூடாது. இது ஆணி லா. எறும்பு ஆணி தின்னா வந்து சொல்லு, நா கடைய மூடறேன்."

பாராட்டு

லிம் அங்கிள் தினம் ஒன்றாக வைத்த திருகாணிகள் இன்னும் என் வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு தம்ளரில் இருக்கின்றன. அவை கேரியருக்குள் உருண்டு பாத்திரத்தில் கீறல் விழுகிறது என்று நளினி சொன்னதில் நியாயம் இருந்தது. இப்படியே விட்டால் நாளைக்கு என்ன வைப்பார்களோ என்று கிரேஸ் மேடம் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆகவே இரண்டாவது நோட்டீஸ் எழுதினேன். இந்தத் தடவை சுற்றி வளைக்கவில்லை. 'காலியாகத் திருப்பித் தரவும்' என்று மட்டும் எழுதினேன்.

காலியாகவே வந்தன. கழுவித் துடைத்து, முகம் பார்க்கிற மாதிரி வந்தன. திட்டம் அமோகமாக நடந்தது. வேறொரு அருங்காட்சியகத்திலிருந்து சிலர் வந்து பார்த்தார்கள். பழம்பொருளை வைத்து மக்களை இப்படிப் பழக்கியிருக்கிறீர்களே என்று வியந்தார்கள். வரிசையாக அடுக்கிய கேரியர்களைப் படம் எடுத்தார்கள். கிரேஸ் மேடம் என்னையும் படத்தில் நிற்கச் சொன்னார். நின்றேன்.

ஆட்களாவது வருவார்கள் என்று நான் போட்ட கணக்குத்தான் தப்பிப்போயிற்று. வந்தார்கள், நிற்கவில்லை. கேரியரை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். என்ன பேசுவார்கள் பாவம், முறுக்கு இருந்தால் முறுக்கைப் பற்றிப் பேசலாம். சாந்தியும் நான் போனில் இருக்கும் நேரமாகப் பார்த்து வைத்துவிட்டு நழுவினார். எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் பின்னாலேயே போய், லிஃப்ட் வாசலில் நிறுத்தி, என் மேல் ஏதும் கோபமா என்று கேட்டேன்.

"ஐயோ, கோவம்லாம் இல்லண்ணே. வெறும் பாத்திரத்த நீட்டிட்டு உங்க மூஞ்சியப் பாக்க ஒரு மாதிரியா இருக்கு."

உப்பு

அந்த வருஷக் கடைசி மழையில் எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். கேரியர் அலமாரியின் சாவி என் வீட்டில் மாட்டிக்கொண்டது. நளினிக்கு வீடு புக்கிட் பாஞ்சாங்கில், எனக்குப் பக்கம்தான். சாவி வாங்க அவரை அனுப்பினார்கள். கதவைத் திறந்தால், ஏற்கனவே வீட்டுக்கு எடுத்துப்போயிருந்த எங்கள் கேரியர் ஒன்றோடு நிற்கிறார். "கஞ்சிண்ணே, சூடா இருக்கு. வீட்டுக்காரர் கீழ கார்ல இருக்கார், நான் போறேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார். கீழ் அடுக்கில் கஞ்சி, மேலே துவையல். உண்மையைச் சொல்கிறேன், கஞ்சியில் துளி உப்பு இல்லை. இருந்தாலும் வழித்துச் சாப்பிட்டேன். போனில் என் மனைவி "சாப்டாச்சா?" என்றபோது, "கஞ்சி வந்துச்சு" என்றேன். யார் கொடுத்தது, எப்படி இருந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அன்றைக்குக் கொஞ்ச நேரம் அதிகமாகப் பேசினோம்.

கேரியரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். உடம்பு தேறி வேலைக்குக் கிளம்பும் அன்று காலையில் அதைக் கையில் எடுத்தபோதுதான் தெரிந்தது, சாந்தி சொன்ன அந்த ஒரு மாதிரி எப்படி இருக்கும் என்று. காலியாகத் தரவும் என்று எழுதியவனே நான்தான். ஆனால் இது கவுண்ட்டருக்குப் போகிற பாத்திரம் இல்லையே, ஒரு பெண் என் வீட்டு வாசல் வரை வந்து கொடுத்த பாத்திரம். சமையலறையைக் குடைந்தேன். சீனி வைத்தால் எறும்பு வரும். அரிசியில் வண்டு வரும். பருப்பும் அப்படித்தான். கல்லுப்பு டப்பா கண்ணில் பட்டது. உப்பைத் தின்னும் பூச்சி உலகத்தில் கிடையாது. நானும் அருங்காட்சியகத்துக்காரன்தான் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டு, மேல் அடுக்கில் ஒரு கை உப்பைப் போட்டு மூடினேன்.

ஸ்டோருக்கு வெளியே நடையில் வைத்து நளினியிடம் நீட்டினேன். திறந்து பார்த்தவர் பதறிப்போனார். முதலில் பதறியது பொருள்களைக் காக்கிற அதிகாரிதான். உப்பு கிடந்தால் எவர்சில்வரில் புள்ளிப் புள்ளியாக அரித்துவிடுமாம். இதற்கு எறும்பே தேவலையாம். எனக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. போகட்டும் கொடுங்கள், கொட்டிவிடுகிறேன் என்று கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. உப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தன் காலிக் காப்பிக் கோப்பையில் ஒரு கல் கூடச் சிந்தாமல் அதைக் கொட்டிக்கொண்டார்.

"கஞ்சியில உப்பு போட மறந்துட்டேன், நெஜந்தான். அத இப்படித்தானாண்ணே சொல்லிக் காட்டுவீங்க?"

பழம்பொருளைத் தூசி படாமல், துரு ஏறாமல், பூச்சி அரிக்காமல் காப்பது எப்படி என்று எங்களுக்கு வருஷா வருஷம் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள், காலிப் பாத்திரத்தை முகம் மாறாமல் வாங்கி வைப்பது எப்படி என்றுதான் இன்னும் ஒருத்தரும் வகுப்பெடுக்கக் காணோம்.